சொல் மயங்கினும் அலகு மயங்காது

அறிவியல் பயிலாதாரும் பெயரளவிலேனும் அறிந்த சமன்பாடு ஒன்று உண்டெனில், அஃது ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1905ஆம் ஆண்டில் உலகிற்கு அளித்த நிறை-ஆற்றல் சமன்பாடே ஆகும். ஒரு பொருளின் நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அப்பொருளில் அடங்கியுள்ள ஆற்றல் கிட்டும் என்பது அதன் கருத்து. இதனைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர் பலர். ஆனால், 'பெருக்கி வந்த விடை எந்த அலகில் உள்ளது? ஏன் அந்த அலகில் உள்ளது?' என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அலகை அறியாமல் சமன்பாட்டை அறிந்தோம் எனக் கூறுதல், பொருள் அறியாமல் செய்யுளை ஒப்பித்தலை ஒக்கும் என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விழையும் கருத்தாகும்.

ஐன்ஸ்டீனே இதற்குச் சான்றாக நிற்கிறார். மூன்றே பக்க அளவினதான தம் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் குறியீடுகளை மட்டும் தந்து அமையவில்லை. ஆற்றலை எர்க் என்னும் அலகிலும் நிறையைக் கிராமிலும் அளந்தால், ஆற்றலில் நேர்ந்த மாற்றத்தை 9×10²⁰ ஆல் வகுக்க நிறையில் நேர்ந்த மாற்றம் கிடைக்கும் என அலகுகளையும் உடன் வைத்தே விளக்கினார்.

இனி, வேகத்தை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும்? இவ்வினாவிற்கான விடையின் ஒரு பகுதி அலகிலேயே உள்ளது. ஆற்றலின் அலகு ஜூல். ஒரு ஜூல் என்பது ஒரு கிலோகிராமை மீட்டரின் வர்க்கத்தால் பெருக்கி, வினாடியின் வர்க்கத்தால் வகுத்ததற்குச் சமம். அதாவது, நிறையோடு வேகத்தின் வர்க்கம் சேர்ந்ததே ஆற்றலின் இயல்பு. இவ்வுண்மை ஐன்ஸ்டீனுக்கு முன்பே அறியப்பட்டதாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் ஸ்கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச் செய்து ஆராய்ந்தார். வேகம் இருமடங்கானபோது குழியின் ஆழம் நான்கு மடங்காயிற்று. பிரெஞ்சு அறிஞரான எமிலி து ஷாத்லே அம்மையார் அதன் சிறப்பை உணர்ந்து, 1740இல் வெளிவந்த தம் இயற்பியல் நூலில் இக்கொள்கையை வலியுறுத்தினார்.

இதனை உணராமையால், 'ஒளிவேகத்தின் வர்க்கம்' என்பதை ஒளியினும் விரைவான ஏதோ ஒரு வேகம் எனக் கருதுவோரும் உளர். வேகத்தின் அலகு வினாடிக்கு மீட்டர். அதன் வர்க்கத்தின் அலகோ வேறு. ஆகவே அது வேகமே அன்று. ஒரு கிலோகிராமுக்கு எத்தனை ஜூல் என்பதைக் கூறும் மாற்றுவிகிதம் அது. நாணயம் மாற்றுவோர் கையாளும் விகிதம் எத்தகையதோ அத்தகையதே இதுவும்.

அவ்விகிதம் எத்துணைப் பெரிது எனக் காண்போம். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். இதனை 30 கோடி மீட்டர் எனக் கொண்டால், ஒரு கிராம் நிறைக்கு ஈடான ஆற்றல் 9×10¹³ ஜூல் ஆகும். மின்கட்டணச் சீட்டில் 'ஒரு யூனிட்' எனக் குறிக்கப்படுவது 36 இலட்சம் ஜூல். எனவே ஒரு கிராமுக்கு ஈடானது இரண்டரைக் கோடி யூனிட். மாதம் 200 யூனிட் செலவிடும் 1,25,000 வீடுகளுக்கு ஒரு திங்கள் போதுமான ஆற்றல் இது! மாறாக, ஒரு கிலோகிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குச் சூடாக்கினால் அதன் நிறை கூடுவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அவற்றுள் ஏறத்தாழ ஐந்து பங்கே. எந்தத் தராசும் இதனைக் காட்டாது. நிறையும் ஆற்றலும் வெவ்வேறு என மாந்தர் நெடுங்காலம் எண்ணியதன் காரணம் இவ்விகிதத்தின் பெருமையே.

இக்கணக்கில் ஒளிவேகத்தை வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் என எழுதி, அவ்வாறே வர்க்கப்படுத்தி, விடையை ஜூல் என முடிப்பாரும் உண்டு. விடை பத்து இலட்சம் மடங்கு குறைந்துவிடும்! தேர்வுத்தாளில் இதற்கு ஓரிரு மதிப்பெண்களே போகும். நடைமுறையில் இழப்பு பெரிது. 1999ஆம் ஆண்டில் நாசாவின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் அழிந்ததற்குக் காரணம் என்ன? ஒரு சாரார் பவுண்டு-விசை அலகில் தந்த எண்ணை மறு சாரார் நியூட்டன் அலகில் உள்ளதாகக் கொண்டதே.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தமிழகப் பாடநூல்களில் 'நிறை' என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவையும், 'எடை' என்பது புவி அதனை ஈர்க்கும் விசையையும் குறிக்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ முன்னது 'திணிவு', பின்னதே 'நிறை'. நாம் ஆற்றல் என்பதை அவர்கள் 'சக்தி' என்பர். ஒரே மொழியில் ஒரே சொல் இரு கரைகளில் இரு பொருள் தருகிறது. இம்மயக்கத்தைத் தீர்ப்பது எது? அலகே. கிலோகிராமில் அளக்கப்படுவது ஒன்று, நியூட்டனில் அளக்கப்படுவது மற்றொன்று என அறிந்தவர் எக்கரை நூலைப் படிப்பினும் இடர்ப்படார். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர், ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அதன் அலகையும் பொறித்தல் வேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

'அலகு எல்லாவற்றையும் விளக்கிவிடுமோ?' எனச் சிலர் வினவலாம். விளக்காது. இயக்க ஆற்றலின் வாய்பாட்டில் 'அரை' என்னும் பின்னம் உண்டு. ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் அஃது இல்லை. ஏன் இல்லை என்பதை அலகு கூறாது. சார்பியல் கொள்கையே கூறும். இடம்பெற வேண்டிய வேகம் ஒளியின் வேகமே என்பதையும் அலகு மட்டும் நிறுவாது. ஆயின், அலகு பொருந்தாத சமன்பாடு ஒருபோதும் உண்மையாகாது. பொய்யைத் தடுத்து நிறுத்தும் வாயிற்காவலன் அலகு. மெய்யை உள்ளே அழைத்துவரும் பணி ஆய்வுக்கும் அறிவுக்கும் உரியது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள், எண்ணுக்கு மட்டுமன்றி அலகின் வழி நின்று காட்டும் விளக்கத்திற்கும் மதிப்பெண் வழங்குதல் நலம். மாணவச் செல்வங்களும் ஒரு வாய்பாட்டைக் கற்கும்போது, சமக்குறியின் இருபுறமும் அலகுகளை எழுதி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். மூன்று எழுத்துகளில் அடங்கிய அச்சமன்பாடு அவ்வாறு கற்பார்க்கே தன் முழுப்பொருளையும் தரும்.