ஸ்டோருக்கு மரபு, லயத்துக்கு என்ன?

பழைய தேயிலை ஸ்டோர்களை இடித்து இரும்புக்கு விற்காமல் ஹோட்டலாகவும் நூதனசாலையாகவும் மாற்றுவது மரபைக் காக்கும் பணி என்று மெச்சுகிறார்கள். நம் இலக்கிய நண்பர்கள் சிலரும் இதே பல்லவியைப் பாடுகிறார்கள். கட்டிடத்தைக் காப்பது தவறென்று நான் சொல்லவில்லை. யாருடைய நினைவைக் காக்கிறோம் என்பதே என் கேள்வி.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட ஸ்டோர், பல காலம் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று. மாணவர்களை நான் அங்கே அழைத்துச் செல்வதுண்டு. கொழுந்தை உருட்டிய பழைய இயந்திரங்களைப் பார்ப்பது நல்ல பாடம்தான். ஜேம்ஸ் டெய்லருக்கும் தோமஸ் லிப்டனுக்கும் அங்கே இடமுண்டு. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டவர் டெய்லர் என்று பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். அவருக்காகக் காடு வெட்டியவர்களில் ஒருவரின் பெயரைக் கேட்டால் மௌனம்தான். சொல்லிக்கொடுக்க நம்மிடமும் பெயரில்லை.

நுவரெலியாவுக்கு அப்பால், கந்தப்பளையில் விஷயம் இன்னும் வெளிச்சம். ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996இல் உயர்தர ஹோட்டலாயிற்று. கொழுந்து வாட்டிய மேல்மாடிகளே இப்போது விருந்தினரின் படுக்கையறைகள். கொழுந்து வாடக் காற்றோட்டம் வேண்டுமென்று ஸ்டோர்களுக்கு வரிசை வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்துச் சுமந்தவளின் குடும்பத்துக்கோ, 10 அடிக்கு 12 அடியில் ஒரு லயக் காம்பரா. இலைக்குக் கொடுத்த காற்றைக்கூட மனிதருக்குக் கொடுக்கவில்லை. ஸ்டோர் மரபுச் சின்னமாகிவிட்டது. லயத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"ஹோட்டல் வந்தால் வேலை கிடைக்கிறதே" என்பார்கள். வேலைக்கு என்றைக்குக் குறைவிருந்தது? கிடைக்காதது காணி. 1948இல் இவர்களின் குடியுரிமை பறிபோனது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும், லயத்தில் இருக்கும் பெரும்பாலானோரின் பெயரில் ஓர் உறுதி எழுதப்படவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்த மலையக மக்கள் கேட்டவற்றுள் காணியுரிமையும் ஒன்று.

இது அடுத்த வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. தோட்டத்துக் கடைவீதிகளில் கடை போட்டு, சம்பள நாள் வரை கடன் கொடுத்துப் பிழைத்த முஸ்லிம் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்தக் கடன் கொப்பிகளில் டெய்லரும் லிப்டனும் இல்லை. அரிசியும் மாவும் வாங்கிய தொழிலாளரின் பெயர்கள் இருக்கின்றன. வாப்பாவின் பெட்டியில், அப்பாவின் அலுமாரியில் ஏதேனும் மிஞ்சியிருந்தால், கறையான் தின்னுமுன் எடுத்து வாசியுங்கள். மரபைப் பற்றிய அடுத்த கட்டுரையை அதிலிருந்து எழுதுங்கள்.