விஷத்துக்கு ஏற்ற சாவி

இரவில் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குப் பாம்புதான் பெரிய பயம். நெமிலி, காவேரிப்பாக்கம் பக்கத்து விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டு உள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர்! பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

இப்போதைய விஷமுறிவு மருந்து எப்படித் தயாராகிறது?

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இருளர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தை மருந்துக் கம்பெனிகள் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுகின்றன. குதிரையின் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் பொருள் உண்டாகிறது. அதன் பெயர் "ஆண்டிபாடி". அதைப் பிரித்து எடுத்தால், அதுவே மருந்து.

இது எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. ஆனால் குதிரையிடம் இருந்து வருவதால் சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்வது இல்லை.

குதிரை இல்லாமல் மருந்து செய்ய முடியாதா?

அதற்குத்தான் "ஆண்டிபாடி நூலகம்" வந்து இருக்கிறது. மனித ஆண்டிபாடிகளை, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், கோடிக்கணக்கில் சோதனைக்கூடத்தில் உண்டாக்கி வைக்கிறார்கள். கொத்துச் சாவியில் பூட்டுக்கு ஏற்ற சாவியைத் தேடுவதுபோல, விஷத்தைப் பிடிக்கும் ஆண்டிபாடியை அதில் தேடுகிறார்கள். சாவிகள் எத்தனை வகையாக இருக்கின்றனவோ, அந்த அளவுக்குப் பூட்டு திறக்கும் என்ற நம்பிக்கையும் கூடும்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியில் அப்படி ஒரு சாவி கிடைத்தது. 2024-ல் அதை வெளியிட்டார்கள். நாகம், கட்டுவிரியன் இனப் பாம்புகளின், நரம்பைத் தாக்கும் விஷத்தை அது முறித்தது. ஆனால் சோதனை எலிகளில்தான். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் வேறு வகை. அவற்றுக்கு வேறு சாவி தேட வேண்டும்.

இந்தத் தேடலுக்கு அரசாங்கம் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். கடிபடுகிறவர்கள் ஏழைகள். லாபம் பார்த்து மருந்து செய்கிறவர்கள் அவர்களைத் தேடி வரமாட்டார்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில், பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இது நல்ல தொடக்கம். கணக்கு சரியாக இருந்தால்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து தேவை என்பது தெரியும்.

புது மருந்து வரும் வரை பழைய ஊசிதான் துணை. அது நடு இரவிலும் பக்கத்து ஆஸ்பத்திரியில் தயாராக இருக்க வேண்டும்.

நம் கடமையும் ஒன்று உண்டு. கடித்த இடத்தைக் கீறக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. இறுக்கிக் கட்டக்கூடாது. மந்திரிக்க ஆள் தேடி நேரத்தை வீணாக்கக்கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உயிரைக் காப்பது மருந்து மட்டும் அல்ல, நேரமும்தான்!