ட்யூட்டி டாக்டருக்குப் பேர் இல்லையா?

"பயிற்சி மருத்துவர்"னு செய்தியில படிச்சாலே "கத்துக்குட்டிகிட்டயா விட்டாங்க"ன்னு ஒரு கூட்டம் பொங்குது. அந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற ஆட்கள் இருக்காங்க. எழுதுற நிருபரும் பிரிச்சுச் சொல்றதில்ல.

ஒருத்தர் ஹவுஸ் சர்ஜன். எம்.பி.பி.எஸ். பரீட்சை முடிச்சு ஒரு வருஷக் கட்டாயப் பயிற்சியில இருப்பவர். கையில இருப்பது தற்காலிகப் பதிவு. பயிற்சி நடக்குற ஆஸ்பத்திரியில, சீனியர் மேற்பார்வையில மட்டும்தான் பார்க்கலாம்.

இன்னொருத்தர் பி.ஜி. அதாவது எம்.டி., எம்.எஸ். படிப்பவர். இவர் ஏற்கெனவே முழுப் பதிவு பெற்ற டாக்டர். ஜி.எச்.ல ராத்திரி 2 மணிக்கு உங்க அப்பாவோட ஈ.சி.ஜி.யைப் பார்ப்பது பெரும்பாலும் இவர்தான். "சீஃப் எப்ப வருவார்"னு கேளுங்க, தப்பே இல்ல. "நீயெல்லாம் டாக்டரா"ன்னு கேட்டா அது அக்கிரமம்.

என் கோபம் சில தனியார் ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் மேல. வாசல் போர்டுல வரிசையா ஸ்பெஷலிஸ்ட் பேர். ராத்திரி போனா "ட்யூட்டி டாக்டர் பார்ப்பார்". அவருக்குப் பேர் கிடையாது, பேட்ஜ் கிடையாது, சீட்டுல ஒரு கிறுக்கல். அவர் ஹவுஸ் சர்ஜனா, முழு டாக்டரா, ரெண்டும் இல்லாத யாரோவா? காசு கட்டுறவருக்குத் தெரிய வழியே இல்ல.

2002-ம் வருஷ மருத்துவ நெறிமுறை விதிகள் தெளிவாவே சொல்லுது: பதிவு எண்ணை கிளினிக்குல வைக்கணும், மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீதுன்னு எல்லாத்துலயும் போடணும். பதிவே இல்லாம வைத்தியம் பார்த்தா 2019 சட்டப்படி ஒரு வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

"நம்பர் கேட்டா அவமானமா இருக்கு"ன்னு நம்ம டாக்டர்களே சிலர் சொல்றாங்க. ஆட்டோ அண்ணன் பேட்ஜ் குத்திட்டுதான் சார் ஓட்டுறார்.

பேரும் எண்ணும் கிடைச்சா தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்துலயோ தேசிய மருத்துவ ஆணையத்தோட பதிவேட்டுலயோ தேடுங்க. என்ன படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம், எப்ப பதிவுன்னு வரும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. பி.ஜி. படிப்பவர் பேருக்கு நேரா எம்.பி.பி.எஸ். மட்டும்தான் இருக்கும். எம்.டி. முடிச்சவரும் அதைத் தனியா பதிவு பண்ணாத வரைக்கும் அப்படித்தான் காட்டும். உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "போலி டாக்டர்"னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு ஒருத்தர் பொழப்பைக் கெடுக்காதீங்க. அவர்கிட்டயே கேளுங்க.

ஜி.எச்.னா "எந்த யூனிட், சீஃப் யாரு"ன்னு கேட்டு வெச்சுக்கோங்க. தனியார்னா, "டாக்டர், உங்க பேரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் சீட்டுல எழுதிடுங்க." இதுக்குத் தயங்குற இடத்துல அட்மிஷன் பாரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.