சாமியை அறிஞ்சவங்க யாரு?

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஞானோபதேச வகுப்பில் முதல் ஆள். கடவுள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார், நம்மை எதுக்குப் படைச்சார் என்று கேட்டால் கடகடன்னு ஒப்பிப்பேன். 'சாமிய நல்லா அறிஞ்ச புள்ள' என்று உபதேசியார் முதுகில் தட்டுவார்.

அந்த வருசம் ஐப்பசியில ஆயா செத்துப்போச்சு. ஊர்த்தெரு வழியாப் போனால் கோயில் கூப்பிடு தூரம். ஆனால் சேரிப் பிணம் அந்த வழியே போகக்கூடாது. கோயிலுக்குச் சொந்தமான சவ வண்டியும் எங்களுக்குக் கிடையாது. வயக்காட்டுச் சேத்துல, வரப்பு வழுக்க வழுக்க, எங்க அப்பாவும் சித்தப்பாக்களும் பாடையைத் தோளில் சுமந்து சுத்திப் போனார்கள். சாமியாரைக் கேட்டதற்கு, 'பழக்கம் அப்படி இருக்கு, நான் என்ன செய்ய?' என்றார். பிறகு, மோட்சத்தில் உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லை என்று பிரசங்கம் வைத்தார். திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: 'மோட்சத்துக்குப் போற வழி தெறந்துதான் கெடக்காம். கோயிலுக்குப் போற வழியத்தான் அடைச்சிருக்கானுவ.'

அன்றைக்கு ஆரம்பித்த கேள்விதான் இது. கடவுளை அறிவது என்றால் என்ன?

படித்தவர்கள் அதைக் கோட்பாடு என்கிறார்கள். தியானக் கூட்டங்களில் அதை அனுபவம் என்கிறார்கள். அங்கே போய் அழுகிற நம்ம பெண்களை நான் கேலி செய்யமாட்டேன். மனசுவிட்டு அழ அவர்களுக்கு வேறு இடம் எங்கே இருக்கு? ஆனால் அல்லேலூயா முடிந்ததும் ஊர்க்காரர் ஊருக்கும், நாம் சேரிக்கும் தனித்தனிப் பாதையில்தானே திரும்புகிறோம்? பாதையை மாற்றாத அனுபவம் என்ன அனுபவம்?

பைபிளைத் திறந்து பார்ப்போம். எரேமியாவின் 22ஆம் அதிகாரம். யோயாக்கீம் ராசா கேதுரு மரம் இழைத்து, சிவப்புச் சாயம் பூசி அரண்மனை கட்டுகிறான். வேலை செய்தவனுக்குக் கூலி இல்லை. எரேமியா அவனிடம் அவன் அப்பன் யோசியாவைப் பற்றிப் பேசுகிறார். யோசியா ஏழை எளியவர்களுக்கு நியாயம் வழங்கினான், என்னை அறிவது என்பது அதுதானே என்று கடவுளே கேட்பதாகச் சொல்கிறார். கவனியுங்கள் தோழர்களே, கடவுளை அறிந்தவன் நியாயமும் செய்வான் என்று அங்கே இல்லை. நியாயம் செய்வதே அறிவது.

யாத்திராகமத்திலும் இதே கதைதான். அடிமைகளின் கூக்குரலைக் கேட்டேன், அவர்கள் படும் பாட்டை அறிந்திருக்கிறேன் என்று கடவுள் சொல்கிறார். பார்வோனோ அந்தக் கடவுளைத் தனக்குத் தெரியாது என்கிறான். சொல்லிவிட்டு என்ன செய்தான்? செங்கல் அறுக்க வைக்கோலை நிறுத்தினான், செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. கடவுளை அறியாமை என்பது நாத்திகம் அல்ல. உழைக்கிறவன் முதுகில் ஏறும் சுமைதான் அது.

இந்தக் கணக்கில் நம்ம திருச்சபையை வைத்துப் பாருங்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கடவுளை விடலாம், சாதியை விடமுடியாது! திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த சுவரை ஊரே அறியும். எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது பாவசங்கீர்த்தனத்தில் பாதிதான். பரிகாரம் எங்கே?

அரசாங்கத்தின் நியாயம் இன்னொரு வகை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரையும் முசுலிமையும் சேர்க்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை, சக தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்சநீதிமன்றம் வரை போனார். 1985இல் வழக்குத் தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாதாம். ஆதாரம் வேண்டுமென்றால் எங்க ஊர் வரப்பில் ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்க்கட்டும்.

நம்மையும் விட்டுவிட முடியாது. அருந்ததியர் வீட்டில் கை நனைக்கத் தயங்குகிற பறையர் கிறித்தவனும் கடவுளை அறியாதவன்தான். மேடையில் விடுதலை பேசிவிட்டு வீட்டில் பொண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறவனும் அப்படியே. யோயாக்கீம் அரண்மனையில் மட்டும் இல்லை.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம 'பரட்டை', பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து தின்பதை நற்கருணையின் அர்த்தமாகச் சொன்னார். அது இறையியல் மட்டுமல்ல, பரிட்சையும்கூட. யார் யாரோடு ஒரே உலைச் சோறு தின்கிறாய்? பதில் சொல், கடவுளை உனக்குத் தெரியுமா என்று நான் சொல்கிறேன்.

சபையில் இருப்பதா, வெளியேறுவதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அவரவர் முடிவு அது. நான் இருக்கிறேன். சாமியார்கள் அறிந்த சாமிக்காக இல்லை. ஆயா சாகும்வரை நடவுக் கூலியில் ஒரு படி நெல்லைப் பக்கத்துக் குடிசை விதவைக்கு அளந்து கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. ஞானோபதேசத்தில் ஆயாவுக்கு ஒரு மார்க்கும் கிடைத்திருக்காது. எரேமியா திருத்தியிருந்தால் நான்தான் பெயில்.

வர்ற கல்லறைத் திருநாளில் எங்க சேரிச் சனங்கள் ஊர்த்தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறோம். கடவுளை அறிய ஆசைப்படுகிறவர்கள் கூட வாங்க.