பதவி உயர்வு கேட்ட பேராசிரியர்... திருமணத்தையே ரத்து செய்த நீதிமன்றம்! யார் இந்த நஸ்ர் அபு ஸெய்த்?

பதவி உயர்வு கேட்டு ஒரு பேராசிரியர் விண்ணப்பிக்கிறார். மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய திருமணமே செல்லாது என்கிறது நீதிமன்றம். விவாகரத்து கேட்டது அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. முன்பின் தெரியாத சிலர்! 1990களில் எகிப்தில் நடந்த நிஜச் சம்பவம் இது.

யார் இவர்?

நஸ்ர் ஹமீத் அபு ஸெய்த், 1943ல் தன்தா நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, குடும்பத்தைக் காப்பாற்ற டெக்னீஷியன் வேலைக்குப் போனார். பிறகு கெய்ரோ பல்கலைக்கழகத்தில் அரபு படித்து, 1981ல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார்.

அப்படி என்ன எழுதினார்?

குர்ஆன் இறைவனின் வார்த்தை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது மனித மொழியில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் வந்தது. அதனால் அந்த மொழியையும் வரலாற்றையும் வைத்தே பொருள் கொள்ள வேண்டும் என்றார். கூடவே, மதத்தை வைத்து நடக்கும் அரசியலையும், மதத்தின் பெயரால் பணம் திரட்டிய முதலீட்டு நிறுவனங்களையும் கடுமையாக விமர்சித்தார். எதிர்ப்பு கிளம்ப இதுவும் ஒரு காரணம்.

1992ல் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். ஆய்வுகளை மதிப்பிட்ட மூவரில் இருவர் பாராட்டினர். ஆனால் அவருடைய நம்பிக்கையையே கேள்வி கேட்ட மூன்றாவது அறிக்கைதான் ஜெயித்தது. 1993ல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

வழக்கு எப்படி வந்தது?

இங்கதான் ட்விஸ்ட். எகிப்தின் குற்றவியல் சட்டத்தில் மதத்தைத் துறப்பது குற்றமே கிடையாது. அதனால் எதிர்ப்பாளர்கள் குடும்ப நீதிமன்றக் கதவைத் தட்டினர். அபு ஸெய்த் மதத்தை விட்டு விலகிவிட்டார், அப்படிப்பட்டவர் ஒரு முஸ்லிம் பெண்ணின் கணவராக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். மதத்தின் நலனைக் காக்க யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடரலாம் என்ற 'ஹிஸ்பா' கோட்பாட்டைக் கையில் எடுத்தனர்.

1994ல் முதல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 1995 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியே புரட்டிப் போட்டது. தான் ஒரு முஸ்லிம் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. 1996ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

எழுத்தாளர் ஃபரக் ஃபோதா 1992ல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நோபல் பரிசு பெற்ற நாகிப் மஹ்ஃபூஸ் 1994ல் கத்தியால் குத்தப்பட்டிருந்தார். இந்தச் சூழலில் இப்படியொரு தீர்ப்பு என்பது உயிருக்கே ஆபத்து. அவரும், பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியரான மனைவி இப்திஹால் யூனிஸும் நாட்டை விட்டு வெளியேறி, நெதர்லாந்தில் சேர்ந்தே வாழ்ந்தனர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் எடுத்தார். 2010ல் கெய்ரோவில் காலமானார்.

சட்டம் மாறியதா?

மாறியது. இதுபோன்ற வழக்கைத் தனிநபர் நேரடியாகத் தொடர முடியாது, அரசு வழக்கறிஞர் வழியாகவே வர வேண்டும் என 1996ல் திருத்தம் வந்தது. அதன் பலன் 2001ல் தெரிந்தது. எழுத்தாளர் நவால் எல் சாதவியை அவர் கணவரிடமிருந்து பிரிக்கக் கோரிய வழக்கு, இதே காரணத்தால் தள்ளுபடியானது.

அப்படின்னா பிரச்சினை முடிஞ்சதா? இல்லை. வழக்குப் போடும் அதிகாரம் தனிநபரிடமிருந்து அரசின் கைக்கு மாறியது, அவ்வளவுதான். தவிர, மத அவமதிப்புக்கான தண்டனைப் பிரிவு தனியாக இருக்கிறது. ஆய்வாளர் இஸ்லாம் அல் புஹைரிக்கு 2015ல் சிறைத் தண்டனை கிடைத்தது அந்தக் குற்றச்சாட்டில்தான்.

அபு ஸெய்த் விவகாரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. அவரது ஆய்வு சரியா, தவறா என்பதைச் சக ஆய்வாளர்கள் விவாதித்து முடித்திருக்கலாம். ஆய்வை விட்டுவிட்டு ஆளின் நம்பிக்கையை எடை போட்ட அந்த அறிக்கை, பல்கலைக்கழகத்துக்கு உள்ளேதான் எழுதப்பட்டது. நீதிமன்றம் வந்தது அதற்குப் பிறகுதான்.