சுவரை உடைக்க வேண்டாம், குடையச் சொல்லுங்கள்

மாணவர்களே, சமையலறைக் காற்றாடி பொருத்தவோ குளிர்சாதனக் குழாயைக் கொண்டுபோகவோ வீட்டுக்கு ஆள் வந்தால், அவர் கையில் என்ன கருவி இருக்கிறது என்று பாருங்கள். சுத்தியலும் உளியும் மட்டும்தான் என்றால், வேலை தொடங்குமுன் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வட்டத் துளைக்குக் கோர் டிரில்தான் சரி என்பது என் கருத்து. “ஓர் ஓட்டைக்கு இவ்வளவு காசா?” என்பார்கள். பதில் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது.

செங்கல் சுவர் அமுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். இழுக்கும் விசையை அவ்வளவாகத் தாங்காது. சுத்தியலின் ஒவ்வோர் அடியும் அலையாகச் சுவருக்குள் பரவுகிறது. மறுபக்கத்தை எட்டித் திரும்பும்போது அது இழுவிசையாக மாறுகிறது. உள்ளே 4 அங்குலத் துளை போட்டிருக்க, வெளியே சட்டி அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோர் டிரில் அடிப்பதில்லை, தேய்க்கிறது. அதன் குழல் முனையின் விளிம்பில் வைரத் துகள்கள் பதிந்திருக்கும். மோஸ் அளவில் வைரம் 10, மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. கணக்கையும் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிமீட்டர் துளையின் பரப்பு சுமார் 7,850 சதுர மில்லிமீட்டர். விளிம்பின் தடிப்பு 4 மில்லிமீட்டர் என்றால், அரைபடுவது சுமார் 1,200தான். ஆறில் ஒரு பங்குகூட இல்லை! நடுப்பகுதி உருளையாகக் கழன்று வந்துவிடும்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை தூசிதான். செங்கலிலும் சாந்து மணலிலும் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்தூள் நுரையீரலின் ஆழத்தில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும்; அதைக் குணப்படுத்த முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே இந்தத் தூளைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. உங்கள் வீட்டில் இது ஒரு நாள் வேலை. அந்தத் தொழிலாளிக்கோ தினமும் இதே வேலை. துணி முகக்கவரி அவருக்குப் போதாது. துளையிடும்போது தண்ணீர் விட்டால் முனையும் சூடேறாது, தூளும் சேறாகிக் கீழே வடியும். தண்ணீர் விடாத வகைக் கருவி என்றால் தூசி உறிஞ்சும் இயந்திரம் அதனோடு இணைந்திருக்க வேண்டும். தரை அழுக்காகும் என்று பாட்டி முணுமுணுத்தால், துடைப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தூணிலும் உத்திரத்திலும் எந்தத் துளையும் வேண்டாம். அவைதாம் வீட்டைத் தாங்குகின்றன. சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடலாம், அங்கேயும் வேண்டாம். துளை வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே வராது.