நீக்குவதா? பெயர் மாற்றுவதா?

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் பெயர்கள் கல்லில் பொறித்தவை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பல மொழிகளில் அது உண்மையே. 'இஃப்', 'வொயில்' போன்ற சொற்களை அங்கே எவரும் தொட முடியாது.

'டிக்கிள்' மொழி அப்படிப்பட்டதன்று. 1988-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் என்பவர் உருவாக்கிய மொழி இது. இதில் 'இஃப்' கூட ஒரு சாதாரணக் கட்டளைதான். 'ரீநேம்' என்ற கட்டளையைக் கொண்டு எதற்கும் வேறு பெயர் சூட்டலாம். புதுப் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறிகளை மட்டும் இட்டால், அக்கட்டளை அடியோடு நீங்கிவிடும்!

இத்தகைய உரிமை ஆபத்தானது என்போர் உண்டு. அவர்கள் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. திரையில் எழுத்தைக் காட்டும் 'புட்ஸ்' கட்டளையை ஒருவர் நீக்கிவிட்டால், அதை நம்பி மற்றவர்கள் எழுதிய பகுதிகள் பாதியில் நின்றுவிடும். நீக்கியவர் ஒருவர், தவிப்பவரோ பலர்! ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் அதை மீட்பதும் எளிதன்று.

ஆயினும், உரிமையைப் பறிப்பது இதற்குப் பரிகாரம் ஆகாது என்பதே என் கருத்து. 'புட்ஸ்' என்பதற்குப் 'பழையபுட்ஸ்' என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு, 'புட்ஸ்' என்ற பெயரிலேயே புதிய கட்டளை ஒன்றை எழுதலாம் அன்றோ? அது ஒவ்வொரு வரியின் முன்னும் நேரத்தைச் சேர்த்து, பின்பு பழைய கட்டளையை அழைத்தே வேலையை முடிக்கும். பிறர் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறவேண்டியதில்லை. பழையதும் வாழ்கிறது, புதியதும் பிறக்கிறது.

இம்மொழியை வளர்த்தவர்களும் இவ்வழியையே காட்டியுள்ளனர். முன்பின் அறியாதவர் எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்க இதில் ஒரு காவல் அறை போன்ற ஏற்பாடு உண்டு. கோப்பைத் திறக்கும் 'ஓபன்', வேறு நிரலை இயக்கும் 'எக்செக்' ஆகிய கட்டளைகள் அங்கே அழிக்கப்படுவதில்லை, மறைத்து வைக்கப்படுகின்றன. பொறுப்பிலுள்ள தலைமை நிரல் தேவையானபோது அவற்றை அழைத்துக்கொள்ளலாம்.

நாமே எழுதி, நாம் மட்டுமே பயன்படுத்தும் கட்டளையை நீக்குவதில் தவறில்லை. ஆனால் பலருக்கும் பொதுவானதில் கைவைக்குமுன், "இதை நம்பியிருப்பவர் யார்?" என்று கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால், பெயரை மாற்றிப் பத்திரப்படுத்துவதே அறிவுடைமை.

தோழியரே, கணிப்பொறி கற்கும் நாம் இதை இன்றே பழக்கமாக்கிக்கொள்வோம். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன?

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி